முதல் மணியும் இரண்டாம் மணியும்



ஞாயிறு காலை கோயிலில் முதல் மணி ஒலிக்கிறது. திருப்பலிக்கு இன்னும் அரைமணி நேரம் உண்டு. அந்த அரைமணியில் நம் இல்லங்களில் நடப்பது யாது? மகனின் சட்டையில் பொத்தான் இல்லை. மகளுக்குத் தலைவார நேரமில்லை. இளையவன் இன்னும் பாயைவிட்டு எழவில்லை. தந்தை வாசலில் நின்று சினக்கிறார். தாய் அடுக்களையிலிருந்தே மறுமொழி கொடுக்கிறார். இரண்டாம் மணி ஒலிக்கையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாய் வருகிறோம். உடல் கோயிலுக்குள் வந்துவிடுகிறது. உள்ளமோ வீட்டு வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறது.

குடும்பங்களைக் குறைகூற இதனை எழுதவில்லை. பீடத்தில் நிற்கும் நாமும் இக்குற்றத்திற்கு விலக்கானவர் அல்லோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று, திருப்பலி தொடங்கும் நேரத்தில் ஒலிபெருக்கி இயங்கவில்லை. அருகில் நின்ற உபதேசியாரைப் பீடச் சிறுவர்களின் முன்னிலையிலேயே கடிந்துகொண்டோம். இரவு பெய்த மழையில் கம்பி பழுதாகியிருந்தது. அவர்மேல் தவறேதும் இல்லை. அவர் ஒன்றும் கூறாமல் தலைகுனிந்து நின்றார். நாம் பூசை உடுப்புகளை அணிந்துகொண்டு பீடத்திற்குச் சென்றோம். பாவங்களை நினைந்து வருந்துமாறு மக்களை அழைத்தபோது நம் குரல் நமக்கே அந்நியமாக ஒலித்தது. நற்கருணை வழங்குகையில் முதலாவதாக வந்து நின்றவர் அவரே. அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க நமக்குத் துணிவில்லை.

பூசை முடிந்ததும் அதே சிறுவர்களின் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். “பரவாயில்லை, சாமி” என்றார். அவர் பெருந்தன்மையோடு மன்னித்தார். ஆயினும் பலிக்குமுன் செய்திருக்க வேண்டியதைப் பலிக்குப்பின் செய்தோம் என்னும் வருத்தம் இன்றும் நம்மை விட்டகலவில்லை.

மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரம் 23, 24 வசனங்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகி, அதன்பின் வந்து செலுத்துமாறு ஆண்டவர் பணிக்கிறார். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்குச் சகோதரன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை; சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால் என்றே சொல்கிறார். பிறர் நமக்குச் செய்த தீங்கை எளிதில் நினைவில் கொள்கிறோம். நாம் நோகச் செய்தவரை நினைத்துப் பார்ப்பதே அரிது. ஆயத்தம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆயத்தமின்றி இறைவன் திருமுன் செல்லலாகாது என்பது பழங்காலந்தொட்டு வரும் நெறி. சீனாய் மலையடிவாரத்தில் இஸ்ராயேல் மக்கள் தங்கள் ஆடைகளைத் துவைத்து, தங்களைத் தூய்மைப்படுத்தி, மூன்றாம் நாளுக்காகக் காத்திருந்தனர் என யாத்திராகமம் 19-ஆம் அதிகாரம் கூறுகிறது. நம் முன்னோர் நற்கருணை உட்கொள்ள நள்ளிரவு முதல் தண்ணீரும் பருகாமல் உபவாசம் இருந்தனர். தண்ணீர் பருகுவது உபவாசத்தை முறிக்காது என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1953-இல் அறிவித்தார். 1957-இல் உணவுக்கான உபவாசத்தை 3 மணி நேரமாகக் குறைத்தார். 1964-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அதனை நற்கருணைக்கு முன் 1 மணி நேரமாக்கினார். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அதிலிருந்தும் விலக்கு உண்டு. திருச்சபை நம் வயிற்றின் சுமையைத்தான் குறைத்தது; உள்ளத்தின் ஆயத்தத்தைக் குறைக்கவில்லை. மாறாக, தகுந்த மனநிலையோடு வந்தால்தான் வழிபாடு முழுப் பயன் தரும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தெளிவாகக் கற்பித்தது.

இதற்குக் குடும்பங்கள் செய்யக்கூடியவை எளியவையே. சனிக்கிழமை மாலையிலேயே உடைகளை எடுத்து வையுங்கள். இரவுச் செபத்தின்போது மறுநாள் நற்செய்தியைப் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும். அதன்பின், கணவன் மனைவியிடமும், மனைவி கணவனிடமும், பெற்றோர் பிள்ளைகளிடமும் அந்த வாரத்தில் நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பதால் பெற்றோரின் மதிப்புக் குறைந்துவிடாது. கனமான பாவம் மனத்தை அழுத்தினால் பாவசங்கீர்த்தனத்திற்கு வாருங்கள். காலையில் பத்து நிமிடம் முன்னதாகக் கோயிலுக்கு வந்து, யாருக்காக இப்பலியை ஒப்புக்கொடுக்கிறோம் என்று அமைதியாகச் சிந்தியுங்கள்.

“நாம் வலியச் சென்று பேசியும் அவர் முகங்கொடுக்கவில்லையே, சாமி; நாங்கள் நற்கருணை வாங்கலாமா?” என்று சிலர் கேட்பதுண்டு. வரப்புத் தகராற்றில் பல ஆண்டுகளாகப் பேசாதிருக்கும் அண்ணன் தம்பிமார் நம் பங்குகளில் இல்லாமலில்லை. உங்களால் இயன்றமட்டும் எல்லாரோடும் சமாதானமாய் வாழுங்கள் என்பதே அப்போஸ்தலர் சின்னப்பர் உரோமையருக்குக் கூறும் அறிவுரை. முதலடியை உண்மையோடு எடுத்து வைத்தவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆண்டவரின் பந்தியிலிருந்து விலகி நிற்கவும் வேண்டாம். அடுத்த அடி மற்றவருடையது. அவருக்காக அந்தப் பலியிலேயே மன்றாடுங்கள்.

வரும் ஞாயிறு முதல் மணி ஒலிக்கும்போது, யாரிடம் நாம் இன்னும் போகவில்லை என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். அவர் அடுத்த அறையிலேயே இருக்கலாம். இரண்டாம் மணி ஒலிக்க இன்னும் நேரம் இருக்கிறது.