கொடுக்கல் வாங்கல்: புதுப் பொறியில் குறை கண்டால்

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது காப்பிப் பொறி ஒன்றைப் பற்றிய வழக்கு. வாடகை, அடைமானம், பங்குத் தொழில் என்று எழுதி வந்த பக்கத்தில் காப்பிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் புருவம் உயர்த்த வேண்டா. விற்றவரின் கடமை எங்கே முடிகிறது, வாங்கியவரின் கடமை எங்கே தொடங்குகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வழக்கு அண்மையில் நம் பார்வைக்கு வரவில்லை.

மேலும் காப்பி நமக்கு அந்நியமானதன்று. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருப்பதற்காக அருந்திய பானம் அது. 1511இல் மக்காவின் அதிகாரி கைர் பேக் அதைத் தடை செய்ததும், கெய்ரோவிலிருந்த சுல்தான் அத்தடையைத் தளர்த்தியதும் வரலாறு. பாபா புதன் என்னும் இறைநேசர் ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது நம் நாட்டில் வழங்கிவரும் மரபு. அதே காப்பியை மிலான் நகரத்தார் பொறியில் இறக்கக் கற்றார்கள். 1901இல் பெஸ்ஸெரா என்பவர் நீராவியின் உந்துதலால் ஒவ்வொரு கோப்பையாக இறக்கும் பொறிக்கு உரிமம் பெற்றார். ஆனால் நீராவிச் சூட்டில் காப்பி கசந்தது. அக்குறையை நீக்க முனைந்த அக்கில்லே காஜ்ஜா 1938இல் புதிய முறைக்கு உரிமம் பதிந்து, பிறகு 1948 அளவில் நெம்புகோல் பொறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நீராவிக்குப் பதிலாகப் பிஸ்டன் வெந்நீரை அழுத்தியது. காப்பியின் மேல் பொன்னிற நுரை படிந்தது அதற்குப் பிறகுதான். இன்று மின்விசைப் பம்பு வைத்த பொறிகள் மலிந்துவிட்டபோதிலும், கையால் இழுக்கும் நெம்புகோலுக்கு மீண்டும் மவுசு வந்திருக்கிறது. புதிய புதிய நிறுவனங்கள் புதிய புதிய வடிவங்களை வெளியிடுகின்றன. வழக்கு பிறப்பதும் அங்கேதான்.

இப்பொறியின் அமைப்பைச் சிறிது அறிந்துகொண்டால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும். நம் வீட்டுப் பிரஷர் குக்கர் விசில் அடிக்கும் வேளையில் உள்ளே இருப்பது வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1 பார் கூடுதலான அழுத்தம். நெம்புகோல் பொறியின் கொதிகலனிலும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் கைப்பிடியை இறக்கும்போது பிஸ்டனுக்கும் காப்பிப் பொடிக்கும் இடையே எழும் அழுத்தம் 9 பார். 58 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பொடிக் கிண்ணத்தின் மேல் அது ஏறத்தாழ 240 கிலோ எடை அமர்வதற்கு ஒப்பாகும். நெம்புகோலின் துணையால் கை அவ்வளவு பாரத்தை உணர்வதில்லை. பொறியோ முழுவதையும் தாங்குகிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் இரண்டு ரப்பர் வளையங்கள், அவை உரசி ஏறி இறங்கும் உருளையின் உட்சுவர், கைப்பிடியை இணைக்கும் ஊசி ஆகிய மூன்றில் ஒன்று பழுதானாலும் பொறி தன் வேலையைச் செய்யாது. குக்கரில் கேஸ்கட் தளர்ந்தால் என்ன நேரும் என்பதை நம் சகோதரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சென்னையில் வசிக்கும் காயல்பட்டினத்துக் குடும்பம் ஒன்று, புதிதாக வெளிவந்த இத்தகைய பொறியைக் கடையிலேயே பார்த்துத் தேர்ந்து, முழு விலையும் கொடுத்து வாங்கியது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மூன்று நாள் நல்ல காப்பி கிடைத்தது. நான்காம் நாள் கைப்பிடியை இறக்கியபோது, கீழே கோப்பையில் விழ வேண்டிய நீரில் ஒரு பகுதி மேலே பிஸ்டன் தண்டைச் சுற்றிக் கசிந்தது. அதே வாரத்தில் கைப்பிடியின் கறுப்புப் பூச்சும் பொருக்குப் பொருக்காக உரியத் தொடங்கியது.

கடைக்காரர் நிறுவனத்துக்கு எழுதினார். நிறுவனத்தின் முதல் விடை: "பொடி மிக நுண்ணியது, அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள்."

இவ்விடையை வீண் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. நெம்புகோல் பொறியைப் பற்றிய முறையீடுகளில் பல, உண்மையில் பழக்கக் குறைவால் எழுபவை. பொடி பருமனாக இருந்தால் நீர் தடையின்றி ஓடிப் புளித்த, நீர்த்த காப்பி இறங்கும். மிக நுண்ணியதாக இருந்தால் சொட்டுக்கூட இறங்காது. நம் கடைகளில் விற்கும் சிக்கரி கலந்த ஃபில்டர் காப்பிப் பொடியை இதில் இட்டால், சிக்கரி ஊறிக் குழைந்து வழியை அடைத்துக்கொள்ளும்; இது பொறியின் குற்றமன்று. 18 கிராம் பொடிக்கு 36 கிராம் அளவு காப்பி, 25 முதல் 30 விநாடிக்குள் இறங்குவது நடுத்தரமான கணக்கு. இதைத் தராசிலும் கடிகாரத்திலும் சரிபார்த்த பின்னரே குறை என்ற சொல்லை எடுக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீரை ஊற்றி, கொதிகலனில் சுண்ணாம்பு படிந்தபின் நிறுவனத்தைக் குறை கூறுவதும் முறையாகாது.

அக்குடும்பத்து மகன் செய்த சோதனை மெச்சத்தக்கது. சுத்தம் செய்வதற்கென்று பெட்டியோடு வந்த துளையில்லாத கிண்ணத்தைப் பொருத்தி, காப்பிப் பொடியே இல்லாமல், அழுத்தமானியின் முள் 9ஐத் தொடும் வரை கைப்பிடியை மெல்ல இறக்கினார். நீர் மேலே கசிந்தது. முள் சரசரவென்று விழுந்தது. பொடியே இல்லாதபோது பொடியின் மேல் எப்படிப் பழி சுமத்துவது? நாள், நேரம், பொறியின் வரிசை எண், விலைச்சீட்டின் படி ஆகியவற்றோடு அதன் காணொளியையும் அனுப்பினார். (இச்சோதனையைச் செய்வோர் கைப்பிடியைத் திடீரென விட்டுவிடக் கூடாது. வில் பொருத்திய பொறியில் அது மேலே பாய்ந்து தாடையைப் பதம் பார்க்கும். அழுத்தம் தணியும் முன் கிண்ணத்தைக் கழற்றுவதும் பேராபத்து.)

மார்க்கச் சட்டம் இங்கே என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததற்காக வணிகரைக் கண்டித்ததும், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததும் நாம் அனைவரும் அறிந்தவை. நம் வழக்குக்கு இதைவிட நெருக்கமானது, மடியில் பாலைக் கறக்காமல் தேக்கி விற்கப்பட்ட கால்நடையைப் பற்றிய நபிமொழி. கறந்து பார்த்தாலன்றி அக்குறை தெரியாது. ஆகவே வாங்கியவருக்கு மூன்று நாள் விருப்புரிமை அளிக்கப்பட்டது. திருப்பித் தருவதாயின் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் தர வேண்டும். குறையை அறிவதற்காகப் பயன்படுத்தியது உரிமையைக் கெடுக்கவில்லை. அதே சமயம், அடைந்த பயனுக்கு ஈடு செய்யவும் மறக்கவில்லை. எவ்வளவு நேர்த்தியான நடுநிலை!

குறை தெரிந்த பின்போ நிலைமை வேறு. ஷாஃபிஈ மத்ஹபில், குறையைக் கண்டவர் உடனே திருப்பித் தர முற்பட வேண்டும். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், தொழுகையிலோ உணவிலோ இருப்பவர் அதை முடித்துக்கொண்டு செல்லலாம் என்றும், இரவில் அறிந்தவர் காலை வரை பொறுக்கலாம் என்றும் சலுகை தருகிறது. ஆனால் குறையறிந்த பின் அந்தப் பொருளைப் பயன்படுத்தக் கூடாது. வாங்கிய பிராணியின் மேல் சேணத்தை விட்டு வைத்தால்கூட உரிமை போய்விடும். ஹனஃபீ மத்ஹபில் உடனடி என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் தெரிந்தே பயன்படுத்துவது, குறையை ஒப்பிக்கொண்டதாகவே கொள்ளப்படும். 'கசிந்தாலும் காப்பி வருகிறதே, தீர்வு வரும் வரை போட்டுக் குடிப்போம்' என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அக்குடும்பம் கசிவு உறுதியான அன்றே பொறியைப் பெட்டியில் வைத்துவிட்டது. (முன்பணம் கட்டிப் பின்னர் பெறும் பொருளுக்குச் சட்டம் வேறு. அதை ஸலம் பற்றி எழுதும்போது காண்போம், இன்ஷா அல்லாஹ்.)

இன்னொன்றும் உண்டு. தெருமுனைப் பழுதுகாரரை அழைத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். வாங்கியவர் கையில் புதிய பழுது நேர்ந்துவிட்டால், விற்றவரை வற்புறுத்தித் திருப்பித் தரும் உரிமை நீங்கி, விலையில் ஈடு பெறும் 'அர்ஷ்' உரிமையே எஞ்சும் என்பது ஷாஃபிஈ நூல்களின் தீர்ப்பு. நிறுவனங்களின் உத்தரவாதச் சீட்டிலும் பெரும்பாலும் இதே கருத்து வேறு சொற்களில் இருக்கும். திருப்புளி வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது.

நிறுவனம் காணொளியைக் கண்டபின் புதிய ரப்பர் வளையங்களை அனுப்பியது. மீண்டும் கசிந்தால் பொறியையே திருப்பித் தருவோம் என்று எழுத்தில் தெரிவித்துவிட்டே மகன் அவற்றை ஏற்றார். பத்தாம் நாள் மீண்டும் கசிவு. இதற்குள் சலிப்புற்ற அவர், "வாப்பா, கழுவித் துடைத்து விளம்பரம் கொடுத்தால் நாளையே போய்விடும். முதல் பத்து நாளைக்குக் கசியாது" என்றார். தந்தையோ, "வாங்குகிறவர் கேட்காவிட்டாலும் கசியும் என்று நீ சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டு எந்த விலைக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள், வாப்பா" என்று முடித்துவிட்டார். நிறுவனத்தின் மேல் கோபம் கொண்டவர்களுக்கு, அதே குற்றத்தைத் தாம் அயலாருக்குச் செய்யும் வாய்ப்பு எவ்வளவு எளிதாக வந்து சேர்கிறது பாருங்கள்!

வாங்கியவர்கள் கருத்தெழுதும் இடத்தில் நிறுவனத்தைக் கிழித்தெழுதலாமா என்பதும் அவர் கேட்ட கேள்வி. புறம்பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு நிலைகளை இமாம் நவவி (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் எடுத்துரைக்கிறார்கள். அநீதியை முறையிடுவதும் பிறரை எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். ஆகவே கசிந்த நாளையும் கிடைத்த விடையையும் உள்ளது உள்ளபடி எழுதலாம். 'மோசடிக்காரர்கள்' என்ற சொல்லுக்கு அவரிடம் சான்று இருக்கவில்லை. அதை எழுதவும் இல்லை.

நாட்டுச் சட்டமும் இதில் வாங்குவோர் பக்கமே நிற்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டா. குறையுள்ள பொருளைச் சீட்டில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிடில் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது அச்சட்டம். விலைச்சீட்டுத் தராமையும் அவ்வாறே. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிடில் இரண்டாண்டுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரை இருப்பின் கட்டணம் இல்லை. தேவையானால் ஆணையமே பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். இணையவழி வாங்கியவர்களுக்கு 2020ஆம் ஆண்டு விதிகள் கூடுதல் துணை: குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் முறையீடு கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பெருவணிகத்துக்காக வாங்கியவர் இச்சட்டத்தில் நுகர்வோர் ஆகார்; தம் பிழைப்புக்காகத் தாமே நடத்தும் சிறு கடைக்கு வாங்கியவர் ஆவார். தேநீர்க் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் குறித்துக்கொள்க.

நம் குடும்பம் ஆணையத்தை நாட நேரவில்லை. இரண்டாம் முறை கசிந்தபோது நிறுவனத்தின் பணியாளர் நேரில் வந்து உருளையைக் கழற்றினார். உட்சுவரில், கடைசல் வேலையில் விடுபட்ட மெல்லிய விளிம்பொன்று ஒவ்வோர் இழுப்பிலும் ரப்பரை அறுத்துக்கொண்டிருந்தது. முதல் தொகுதியில் வேறு சில பொறிகளிலும் அது இருப்பதாக அவரே ஒப்புக்கொண்டார். உருளையை மாற்றித் தரவா, பணத்தைத் திருப்பித் தரவா என்று நிறுவனம் கேட்டது. வாப்பா பணத்தைக் கேட்கச் சொன்னார். உம்மாவுக்கோ அதற்குள் அந்தக் காப்பி பிடித்துப் போயிருந்தது. புதிய உருளை பொருத்தப்பட்டு நான்கு மாதம் ஆகிறது. உரிந்த கைப்பிடிப் பூச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு விலையில் ஒரு சிறு தொகையைக் கழித்துப் பெற்றுக்கொண்டார்கள்.