குடத்திலிட்ட விளக்கு

விளையாட்டாளர் ஒருவர் தாமதமாகத் தேர்வு செய்யப்பட்டால், அவரிடம் ஏதோ குறை இருந்திருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். திறமை இருந்தால் என்றாவது ஒரு நாள் வெளிவந்தே தீரும் என்று வேறு சிலர் ஆறுதல் கூறுகின்றனர். இவ்விரு கருத்துகளும் முழு உண்மை அல்ல. பல வேளைகளில் குறை இருப்பது விளையாட்டாளரிடம் அன்று. அவரை அளக்கும் முறையிலும், அவரைப் பார்க்கும் கண்களின் எண்ணிக்கையிலும்தான்.

முதலாவது, அளக்கும் முறை. அமெரிக்கக் காற்பந்து, கெடாவின் திடல்களில் ஆடப்படும் காற்பந்திலிருந்து வேறுபட்டது. அதில் பந்தைக் கையால் எறிந்து, தம் அணியின் தாக்குதலை வழிநடத்துபவரைக் ‘குவாட்டர்பேக்’ என்பர். ஆண்டுதோறும் தொழில்முறை அணிகள் பல்கலைக்கழக விளையாட்டாளர்களை ஒருவர்பின் ஒருவராகத் தேர்ந்தெடுக்கும். 2000ஆம் ஆண்டுத் தேர்வில் டாம் பிரேடி என்பவருக்குக் கிடைத்தது 199ஆவது இடம். அவருக்கு முன்னரே ஆறு குவாட்டர்பேக்குகள் தேர்வு பெற்றுவிட்டனர். அவர் ஒல்லியாக இருந்தார். ஓட்டத்திலும் வேகம் இல்லை. ஆனால், அந்நாட்டின் மிக உயரிய வெற்றியான ‘சூப்பர் போல்’ பட்டத்தை அவர் பின்னாளில் ஏழு முறை வென்றார். அவரது ஓட்டத்தைக் கடிகாரம் அளந்தது. நெருக்கடியில் பதறாமல் முடிவெடுக்கும் ஆற்றலை அளக்க எந்தக் கருவியும் இல்லை.

பள்ளி விளையாட்டிலும் இத்தகைய பிழை நேர்வதுண்டு. 12 வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்த மாணவனும் டிசம்பரில் பிறந்த மாணவனும் ஒன்றாகவே ஆடுகின்றனர். இருவருக்கும் ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு உண்டு. உயரமும் வலிமையும் உடையவன் தேர்வு பெறுகிறான். நல்ல பயிற்சியும் பெறுகிறான். மற்றவன் ‘திறமை போதாதவன்’ என்று ஒதுக்கப்படுகிறான். உண்மையில் அவனுக்குப் போதாதது சில மாத வளர்ச்சி மட்டுமே.

இரண்டாவது, பார்க்கும் கண்கள். தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் உள்ள சின்னப்பம்பட்டி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் கிரிக்கெட் வீரர் த. நடராஜன். தந்தை தறித் தொழிலாளி. தாயார் சாலையோரத்தில் கடை நடத்தியவர். ஏறத்தாழ இருபது வயதுவரை நடராஜன் டென்னிஸ் பந்தில்தான் கிரிக்கெட் ஆடினார். 2015இல் தமிழ்நாட்டு அணியில் இடம் கிடைத்தும், அவர் பந்துவீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற ஐயம் எழுந்தது. அவர் சோர்ந்துவிடாமல் அதனைத் திருத்திக்கொண்டார். 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஐபிஎல் போட்டியில் ஹைதராபாத் அணியில் இருந்தும் ஓர் ஆட்டத்தில்கூட அவர் களமிறக்கப்படவில்லை. 2020இல் வாய்ப்பு வந்தது. மட்டையாளரின் காலடியில் விழும் ‘யார்க்கர்’ பந்துகளால் அவர் புகழ் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்காக முதன்முதலில் ஆடியபோது அவருக்கு வயது 29.

நடராஜனின் கதையை விடாமுயற்சியின் கதையாக மட்டும் சொல்வது பொருந்தாது. அவரைச் சென்னைக்குச் செல்லத் தூண்டிய வழிகாட்டி ஒருவர் ஊரில் இருந்தார். 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் அவரது பந்துவீச்சைப் பலருக்கும் காட்டியது. இவை இல்லாத ஊர்களில் பிறந்த எத்தனை நடராஜன்கள் முயற்சி இருந்தும் ஆட்டத்தைக் கைவிட்டிருப்பர்? அவர்களின் பெயர் எவருக்கும் தெரியாது. இதனை உணர்ந்ததால்தான் போலும், நடராஜன் 2023இல் தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானத்தை அமைத்தார்.

கெடா மாநிலத்திற்கும் இது பொருந்தும். இம்மாநிலத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை. 2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்குவாஷ் தங்கம் வென்ற சிவசங்கரி சுங்கை பட்டாணியில் பிறந்தவர். ஆயினும், பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களின் தோட்டப்புற மாணவர்கள் எல்லாருக்கும் வழி எளிதன்று. ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. மாலை நேரத்தில் பெரியவர்கள் சூழ நின்று ஆட்டம் பார்த்த தோட்டத் திடல்கள் பல வெறிச்சோடின. பள்ளி, மாவட்டம், மாநிலம் என்ற ஒவ்வொரு படியிலும் போக்குவரத்துக்கும் காலணிக்கும் பணம் வேண்டும். பயிற்சி முடிந்து வீடு திரும்பப் பேருந்து இல்லாத மாணவன், தேர்வு நாளில் திடலுக்கே வராமல் போகலாம். வராதவனைத் தேர்வாளர் எப்படிக் காண்பார்?

தேர்வாளர்கள் எல்லாத் தோட்டங்களுக்கும் செல்ல இயலாது என்பதும், அணியில் இடங்கள் குறைவு என்பதும் நியாயமான வாதங்களே. அதற்காக ஒரே நாள் தேர்வில் ஒரு மாணவனின் எதிர்காலத்தை முடிவுசெய்யக் கூடாது. பள்ளிகளுக்கிடையே ஆண்டு முழுதும் சிறு போட்டிகளை நடத்தலாம். ஆசிரியர்கள் மாணவரின் ஆட்டத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்து பயிற்றுநருக்கு அனுப்பலாம். 12 வயதில் விடுபட்டவருக்கு 15 வயதிலும் 17 வயதிலும் மறுவாய்ப்பு அளிக்கலாம். வட்டாரக் கழகங்களும் முன்னாள் மாணவர்களும் போக்குவரத்துச் செலவை ஏற்கலாம்.

மாணவருக்கும் கடமை உண்டு. சுட்டிக்காட்டப்பட்ட குறையை நடராஜனைப் போல் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால், விளக்கு எவ்வளவு சுடர்விட்டாலும் குடத்தை அதனால் அகற்ற முடியாது. அகற்ற வேண்டியவர்கள் பெரியவர்கள். இவ்வாண்டு விடுபட்ட மாணவன் அடுத்த ஆண்டும் திடலுக்கு வருவானா என்பது அவர்கள் கையில்தான் உள்ளது.