தேங்காய் மட்டையும் ஊர்ப்புற வேலைவாய்ப்பும்

விளைபொருளை விளைந்த இடத்திலேயே பதப்படுத்துவது, ஊர்ப்புறங்களில் வேலைவாய்ப்பைப் பெருக்கும் வழிகளுள் முக்கியமானது. அதன் பலனையும் வரம்பையும் பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்துத் தென்னை நார்த் தொழில் ஒருசேரக் காட்டுகிறது.

கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு வெண்ணார் எடுப்பது மரபு. காயல் இல்லாத கொங்குப் பகுதியில், மட்டையைத் தண்ணீர் தெளித்து நனைத்து, இயந்திரத்தில் அடித்துப் பழுப்பு நார் எடுக்கும் முறை வேரூன்றியது. மட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நார், மீதி நார்த்தூள். ஆலைகளின் ஓரத்தில் வீணாகக் குவிந்து கிடந்த இந்தத் தூள், தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். மண்ணில்லாமல் தக்காளி வளர்க்கும் நெதர்லாந்து போன்ற நாடுகளின் பசுமைக்குடில்களுக்கு அது தேவைப்பட்டதால், கழிவு ஏற்றுமதிச் சரக்காயிற்று. தூளைச் சலித்து, உப்பு நீங்கக் கழுவி, களத்தில் காயவைத்து, 5 கிலோ கட்டியாக அழுத்துகிறார்கள். தண்ணீர் ஊற்றினால் அந்தக் கட்டி ஏறத்தாழ 70 லிட்டர் அளவுக்கு உப்பும்.

மட்டை ஏற்றுவது, அடிப்பது, நாரைக் களத்தில் கிளறி உலர்த்துவது, பேல் கட்டுவது, லாரி ஓட்டுவது என ஒவ்வொரு கட்டமும் ஆள் கேட்கிறது. களத்து வேலையில் பெண்களின் பங்கு பெரிது. ஆனால், மழை பிடித்தால் களம் காயாது. அன்றைய கூலியும் இல்லை.

தொழிலின் பலவீனங்கள் மூன்று. முதலாவது, சரக்கு பெரும்பாலும் அரைகுறை நிலையிலேயே வெளியேறுவது. மெத்தைக்காகச் சீனா வாங்கும் நாரில் இறுதி மதிப்பு அங்கேதான் கூடுகிறது. அங்கு கொள்முதல் குறைந்தாலோ, 2021இல் நேர்ந்ததுபோலக் கப்பல் வாடகை எகிறினாலோ இங்கே ஆலைகள் முடங்குகின்றன. இரண்டாவது, தண்ணீர். தூளைக் கழுவிய உப்புநீர் நிலத்தில் இறங்கினால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் கெடுகின்றன. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் இத்தொழிலை மாசில்லாத் தொழில்களின் வெள்ளைப் பட்டியலிலிருந்து மாசுள்ள தொழில்களின் ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. மூன்றாவது, மூலப்பொருள். 2016இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயும், கேரள வேர் வாடல் நோயும் தோப்புகளின் மகசூலைக் குறைத்துவருகின்றன.

ஆகவே, ஆலைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் போதாது; அடுத்த கட்டப் பொருள்கள் ஊரிலேயே உருவாக வேண்டும். கயிறு, மிதியடி, மண்ணரிப்பைத் தடுக்கும் கயிற்று வலை ஆகியவற்றுக்கு உள்நாட்டுச் சந்தை உண்டு. தமிழ்நாடு உள்பட 7 மாநிலங்களில் 1,674 கி.மீ. கிராமச் சாலைகளுக்குக் கயிற்று வலை பயன்படுத்த 2020இல் ஒன்றிய அரசு முடிவெடுத்தது. இத்தகைய கொள்முதல் ஆண்டுதோறும் தொடர்ந்தால், ஏற்றுமதி சரியும் காலத்திலும் தறியும் ராட்டையும் ஓடும்.

கழுவும் வேலையைத் தனித்தனி ஆலைகளிடம் விடாமல், நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் பொது நிலையங்களை அமைப்பது சிறு ஆலைகளுக்குக் கட்டுப்படியாகும் வழி. ஏற்றுமதித் தரம் எட்டாத தூளைச் சிப்பிக்காளான் வித்தைக் கலந்து மட்கச் செய்து தோப்புக்கே எருவாக இடலாம். நோயுற்ற மரங்களை அகற்றி மறுநடவு செய்ய விவசாயிக்குக் கைகொடுப்பதும் தொழில் கொள்கையின் பகுதியாக வேண்டும். தோப்பு மெலிந்தால் மட்டை வரத்து குறையும். மட்டை குறைந்தால் களத்தில் வேலையும் குறையும்.