போர்டு வாங்கும் முன் இமேஜைப் பாருங்க

ஜீரோத் ரிவியூ முடிந்த கையோடு எல்லா ப்ராஜெக்ட் வாட்ஸ்அப் குரூப்பிலும் வரும் முதல் கேள்வி, "எந்த போர்டு வாங்கலாம் மச்சி?" அஞ்சு நிமிஷத்தில் எவனாவது ஒரு லிங்க் போடுவான். எட்டு கோர், எட்டு ஜிபி ரேம், ராஸ்பெர்ரி பையை விட விலை கம்மி, பெட்டி மேலேயே "ஓப்பன் சோர்ஸ்" என்று அச்சடித்திருக்கும். நாலு பேர் காசு போட்டு ஆர்டர் பண்ணிடுவாங்க. அந்த போர்டுக்கு கடைசியாக எப்போது ஒரு ஓஎஸ் இமேஜ் ரிலீஸ் ஆனது என்று அந்த நாலு பேரில் ஒருத்தர்கூட பார்த்திருக்க மாட்டாங்க. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கோர் எண்ணிக்கை எல்லாம் அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். உபுண்டு போட்ட ஒரே பென்டிரைவை யார் லேப்டாப்பில் செருகினாலும் பூட் ஆகும். எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்று லேப்டாப்பின் ஃபர்ம்வேரே கெர்னலுக்குச் சொல்லிவிடும். பெரும்பாலான சின்ன ஆர்ம் போர்டுகளில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. எந்தப் பின்னில் எல்இடி, எந்த முகவரியில் ஈதர்நெட் என்பதை 'டிவைஸ் ட்ரீ' என்ற தனி ஃபைலில் எழுதித் தர வேண்டும். அதனால்தான் போர்டுக்கு ஒரு இமேஜ். இந்த விவரங்களை எல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் கெர்னல் கோடிலேயே கொட்டியதில் கடுப்பாகி, 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே சத்தம் போட்டார். அதற்குப் பிறகுதான் ஆர்ம் உலகம் டிவைஸ் ட்ரீ பக்கம் வேகமாக நகர்ந்தது.

அந்த ஃபைலும், சிப்புக்கான டிரைவர்களும் மெயின்லைன் கெர்னலுக்குள் போய்விட்டால் கவலை இல்லை. டெபியனோ ஆர்ம்பியனோ, புது ரிலீஸ் வரும்போது அந்த போர்டும் கூடவே வரும். போகவில்லை என்றால், சிப் கம்பெனி ஒரு நாள் பிரித்தெடுத்து வைத்த பழைய கெர்னலே கதி.

"சோர்ஸ்தான் இருக்கே, ஓப்பன் சோர்ஸ்தானே?" என்பார்கள். ஜிபிஎல் லைசென்ஸ் கேட்பது சோர்ஸைக் கொடு என்பதை மட்டும். கம்பெனி மொத்த கெர்னலையும் ஒரே மூட்டையாகக் கட்டி அப்லோடு செய்தாலே லைசென்ஸ் விஷயம் முடிந்தது. அந்த மூட்டையை யாராவது படித்துச் சரிபார்த்தார்களா, அடுத்த வருஷம் அப்டேட் வருமா என்பதை ஜிபிஎல் கேட்காது. 2016-ல் ஆல்வின்னர் சிப்புகளின் 3.4 கெர்னலில் வெளிவந்த கதை இதற்கு நல்ல உதாரணம். ஒரு டீபக் ஃபைலுக்குள் 'ரூட்மைடிவைஸ்' என்று எழுதினால் போதும், சாதாரண யூசர் ரூட் ஆகிவிடலாம்! யாரோ டெவலப்மென்ட் சமயத்தில் வைத்ததை எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள் போல. சோர்ஸ் வெளியில் இருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது என்பது உண்மை. ஆனால் திருத்திய இமேஜை ஒவ்வொரு போர்டுக்கும் யாராவது உட்கார்ந்து ரிலீஸ் பண்ண வேண்டுமே. ரிலீஸே நின்றுபோன போர்டுக்கு அதை யார் செய்வார்?

சீப் போர்டு மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீங்க. 2019-ல் வந்த ஜெட்சன் நானோவை எடுத்துக்கோங்க. என்விடியா அதற்குக் கொடுத்த ஜெட்பேக் 4 வரிசையோடு நின்றுவிட்டது: உபுண்டு 18.04, கெர்னல் 4.9, பைத்தான் 3.6. பைத்தான் 3.6-க்கு ஆதரவு 2021 கடைசியிலேயே முடிந்தது, உபுண்டு 18.04-க்கு வழக்கமான ஆதரவு 2023-ல். இன்றைக்கு ஒரு ஜூனியர் அதை லேப் அலமாரியிலிருந்து எடுத்து ஒரு புது லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணப் பார்த்தால், இந்தப் பைத்தானுக்குக் கிடையாது என்று வரும். "போர்டு போச்சுண்ணா" என்பான். போர்டில் இருக்கும் 128 கூடா கோரும் நல்லாத்தான் இருக்கு தம்பி, போனது ரிலீஸ்.

இங்கே ஒருவர் குறுக்கே வரலாம்: ராஸ்பெர்ரி பை மட்டும் முழு ஓப்பனா என்ன? இல்லைதான். அதன் பூட் ஃபர்ம்வேர் மூடியது. பீகிள்போன் பிளாக் மாதிரி போர்டின் டிசைனையே திறந்து வைத்தவர்களும் அல்ல. ஆனாலும் 2012-ல் வந்த முதல் பையில் 2023-ன் புக்வார்ம் 32 பிட் இமேஜ் ஓடுகிறது. மெதுவாகத்தான், ஆனால் ஓடுகிறது. லைசென்ஸ் சுத்தத்தை விட இந்தப் பதினொரு வருஷப் பராமரிப்புக்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன். லைசென்ஸ் விஷயத்தில் கறாரான நண்பர்கள் திட்டலாம்.

அதற்காக பை வாங்கினால் எல்லாம் சுகம் என்றும் இல்லை. 2021-ல் புல்ஸ்ஐ வந்தபோது கேமரா லிப்கேமராவுக்கு மாறியது. பழைய பைகேமரா கோடு படுத்துவிட்டது. புக்வார்மில் சும்மா பிப் இன்ஸ்டால் போட்டால் மறுக்கும், விர்ச்சுவல் என்விரான்மென்ட் கேட்கும். பூட் கான்ஃபிக் ஃபைலும் இடம் மாறியது. பை 5-ல் ஜிபிஐஓ பின்கள் ஆர்பி1 என்ற தனி சிப்புக்குப் போனதால், யூடியூப் டுடோரியல் பாதியில் வரும் ஆர்பிஐ.ஜிபிஐஓ லைப்ரரி வேலை செய்யாது. இந்த மாற்றங்களுக்குக் காரணம் இருக்கிறது. மூடிய கேமரா கோடு போய்த் திறந்த கோடு வந்தது நல்லதுதான். ஆனால் எந்த ரிலீஸில் எது மாறியது என்று தெரியாதவனுக்கு, போன வருஷ சீனியரின் கோடு வெறும் எரர் மெசேஜ்.

நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட் நிலவரத்தைப் பாருங்க. அறுபது பக்கம். ராஸ்பெர்ரி பையின் வரலாறு ரெண்டு பக்கம், பின் டயக்ராம் முழுப் பக்கத்துக்கு. எந்த இமேஜ், எந்தத் தேதி ரிலீஸ், கெர்னல் எண் என்ன, எந்த லைப்ரரி எந்த வெர்ஷன்? தேடினாலும் கிடைக்காது. மார்ஜின் ஒன்றரை இன்ச் இருக்கா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கிறார்கள், இதைக் கேட்பதில்லை. வருஷா வருஷம் ஒவ்வொரு டீமும் முதல் மூணு வாரம் 'பூட் ஆகுதா' என்று பார்ப்பதிலேயே போவதற்கு இதுதான் பெரிய காரணம்.

ஆகவே ஜூனியர்ஸ், ரிட்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பும் முன் பத்து நிமிஷம் செலவு பண்ணுங்க. போர்டின் பெயரை ஆர்ம்பியன் பட்டியலில் தேடுங்க. கம்பெனி கொடுக்கும் இமேஜின் கடைசித் தேதியையும் கெர்னல் எண்ணையும் பாருங்க. டவுன்லோடு ஒரு கூகுள் டிரைவ் லிங்கில் மட்டும் கிடக்கிறது என்றால் கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

இன்னும் ஒரு படி மேலேயும் போகலாம். ஆர்ம்பியனில் பல போர்டுகளைக் கவனிப்பது தன்னார்வலர்கள்தான். புது இமேஜைப் போட்டு வைஃபை வருதா, ரீபூட் ஆகுதா என்று சோதித்து எழுதித் தருவதற்கே ஆள் தேவை. டிவைஸ் ட்ரீயில் பத்து வரி திருத்தி மெயின்லைனில் ஏற்றுவது ஃபைனல் இயர் ப்ராஜெக்டாகவே தகும் என்பது என் கட்சி. ரிவியூ பேனலில் "இதில் நாவல்டி என்னப்பா?" என்று கேட்பார்கள், தெரியும். உங்கள் பத்து வரி ஏறிய கெர்னலை அங்கேயே பூட் செய்து காட்டுங்கள்.

எங்க டீம் ரிப்போர்ட்டில் அப்பெண்டிக்ஸ் டி என்று ஒரு பக்கம் சேர்த்திருக்கிறோம், முழுக்க வெர்ஷன் எண்கள். இமேஜ் ஃபைலும் டிபார்ட்மென்ட் சர்வரில் இருக்கு, வேண்டியவங்க எடுத்துக்கலாம்.