கைத்தொலைபேசியில் ஒரு கமிஷன் மண்டி

கமிஷன் வியாபாரம் தமிழருக்குப் புதிதன்று. நம் ஊர்களில் கமிஷன் மண்டி இல்லாத கடைத்தெரு அரிது. இங்கே புனே நகரத்தில் குல்டேக்டி மார்க்கெட் யார்டுக்குச் சென்றாலும் அதே காட்சியைக் காணலாம். சரக்கைக் கொண்டு வருபவர் ஒருவர், வாங்குபவர் மற்றொருவர். இருவருக்கும் நடுவே நிற்பவரை மராத்தியர் ‘அடத்யா’ என்பர். நாம் மண்டிக்காரர் என்போம். சரக்கு அவருடையதன்று. இரு தரப்பாரும் அவர் சொல்லின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையே அவருடைய முதல். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளும், தபால் நிலையச் சேமிப்புக்குப் பணம் திரட்டிக் கொடுக்கும் சகோதரிகளும் இத்தொழிலின் வேறு வடிவங்களையே நடத்தி வருகின்றனர்.

அந்த மண்டி இப்போது கைத்தொலைபேசிக்குள் புகுந்திருக்கிறது. ‘அஃபிலியேட் மார்க்கெட்டிங்’ என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கூறுவது இதனைத்தான். ஒரு கம்பெனி தன் பொருளுக்கு ஓர் இணைப்பு முகவரியை நம் பெயரில் அளிக்கிறது. அதனை நாம் நமது பக்கத்திலோ, வீடியோவிலோ வெளியிடுகிறோம். பிறர் அதைத் தொட்டுக் கடைக்குள் நுழைந்து பொருளை வாங்கினால், விலையில் ஒரு சிறு பங்கு நமக்குக் கமிஷனாக வருகிறது. நாம் சரக்கு வாங்கி அடுக்க வேண்டுவதில்லை. கடை வாடகையும் இல்லை. இன்னார் வழியாக வந்தவர் இன்னாரென்று கணக்கு வைப்பதும் இயந்திரமே.

அமெரிக்காவில் சிடி நவ் என்ற இசைத்தட்டுக் கடை 1994-இல் இம்முறையைக் கையாண்டது. 1996-இல் அமேசான் நிறுவனம் இதனைப் பெருமளவில் பரப்பியது. நம் நாட்டில் அமேசான் 2013-இல் கடை திறந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணைய வசதி மலிவாகி, ஏழை எளியவர் கைக்கும் எட்டியது. அதே ஆண்டில் தோன்றிய யு.பி.ஐ. முறையால் பணம் கொடுக்கல் வாங்கலும் எளிதாயிற்று. கைத்தொலைபேசி விளம்பரத்தில் உலகப் பெயர் பெற்ற இன்மொபி 2007-இல் இந்தியர் சிலர் தொடங்கிய நிறுவனமே. விளம்பர இடங்களை விற்றுத் தரும் பப்மேட்டிக் நிறுவனத்தின் பொறியியல் பணிகளில் பெரும்பகுதி நம் புனே நகரத்திலேயே நடைபெறுகிறது. ஆகவே இத்தொழிலை வெறும் கானல் நீர் என்று தள்ளிவிடவும் இயலாது.

நம்மவர்க்கு இதில் நாட்டம் எழுவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. கணவரின் உத்தியோக மாற்றத்தால் இங்கு வந்து, ஊரில் பார்த்த வேலையை விட்டுவிட்ட பட்டதாரிச் சகோதரிகள் நம்மிடையே பலர். மராத்தி பேச வராத காரணத்தால் உள்ளூர் வேலைக்குத் தயங்குவோரும் உளர். ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் பெரியோரும் பொழுதைப் பயனுள்ளதாக்க விரும்புகின்றனர். வீட்டிலிருந்தபடியே தமிழில் எழுதியும் பேசியும் சம்பாதிக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? எந்தக் கிரைண்டர் பழுதானால் புனேயிலேயே சரி செய்வார்கள், நான்கு மாத மழைக்கு எந்தக் குடை தாங்கும் என்பன போன்ற செய்திகளைத் தெரிந்து சொல்பவர் இருந்தால், புதிதாக வந்த குடும்பத்துக்கு அது பேருதவியும் ஆகும்.

ஆசையோடு கூடவே கணக்கும் வேண்டும். 800 ரூபாய்ப் பொருளொன்றுக்கு 4 சதவிகிதம் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விற்பனைக்கு நமக்கு வருவது 32 ரூபாய். மாதம் 20,000 ரூபாய் வேண்டுமானால் 625 பேர் வாங்க வேண்டும். இணைப்பைத் தொடுவோரில் நூற்றுக்கு இருவர் வாங்குவதாகக் கொண்டால், 31,250 பேர் தொட வேண்டும். வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் திரும்பிப் போகும். அதற்கு நூற்றுக்குப் பதினைந்து கழித்தால் 17,000 மிஞ்சும். உதவியாள் ஒருவருக்கு 8,000, இதர செலவுக்கு 2,000 போனால் கையில் நிற்பது 7,000. அதுவும் இத்தனை பேர் வந்த பிறகே. முதல் சில மாதங்களில் வருவோர் தொகை நூற்றுக்கணக்கில்கூட இராமற் போகலாம்.

கமிஷன் விகிதம் நம் கையில் இல்லை என்பதையும் மறத்தலாகாது. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் பல பொருள்களுக்குக் கமிஷனைத் திடீரெனக் குறைத்தது. வீட்டுச் சாமான்களுக்கு 8 சதவிகிதமாக இருந்தது 3 ஆயிற்று. மளிகைக்கு 5 சதவிகிதமாக இருந்தது 1 ஆயிற்று. பல ஆண்டுகள் உழைத்தவர்களின் வருவாய் ஓர் அறிவிப்பில் சுருங்கியது. அதே ஆண்டு ஜூன் 29 அன்று நம் அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் லட்சக்கணக்கான நேயர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் யாவரையும் இழந்தனர். பிறர் நிலத்தில் பயிரிடுவோன் குத்தகை மாறுவதற்கும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஆதலின் வீட்டு வாடகையையோ, பிள்ளைகளின் படிப்புச் செலவையோ இந்த வருமானத்தை நம்பி ஒப்புக்கொள்ளுதல் தகாது.

இனி, உதவியாளர் விஷயத்திற்கு வருவோம். இத்தொழிலில் எழுத்து, படம், வீடியோ, கணக்கு எனப் பல வேலைகள் இருப்பதால், அவற்றை வெளியாரிடம் ஒப்படைப்பது வழக்கமாகியிருக்கிறது. வெளியார் வேலையை ஏற்றுச் செய்து வளர்ந்த நகரம் நம் புனே. இன்ஃபோசிஸ் 1981-இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. 1990-இல் பெர்சிஸ்டென்ட் நிறுவனமும் இங்கே தோன்றியது. ஹிஞ்சவடிக்கு அன்றாடம் சென்று வரும் நம் இளைஞர்கள் பிறநாட்டார் தந்த வேலையையே செய்கின்றனர். அவர்களே இப்போது வீட்டுக்கு வந்து, தம் சிறு தொழிலுக்காகப் பிறருக்கு வேலை கொடுக்கின்றனர். அப்வொர்க், ஃபிரீலான்சர் போன்ற தளங்களில் வேலைக்காரரைத் தேடலாம். கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ வீட்டிலிருந்து வேலை தேடும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும் இதனால் பிழைப்புக் கிடைக்கலாம். இது வரவேற்கத் தக்கதே.

எனினும் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்ற பகுப்பு வேண்டும். படத்தைச் சீர்செய்தல், மராத்தியிலிருந்து மொழிபெயர்த்தல், விலை மாறியிருக்கிறதா என்று பார்த்தல், வரவு செலவைப் பதிதல் ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். முதலில் ஒரு சிறு வேலையைக் கொடுத்து, கூலியையும் கெடுவையும் எழுத்தில் பேசி, முடிந்தவுடன் தாமதமின்றிப் பணம் அனுப்புதல் முறை. வங்கிக் கணக்கையும் ஓ.டி.பி. எண்ணையும் எவரிடமும் தருதல் கூடாது. உதவியாளர் உள்ளே நுழைய வேண்டியிருந்தால் அவர் பெயரிலேயே தனி அனுமதி அளித்து, வேலை முடிந்ததும் அதை நீக்கிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இப்பொருள் நல்லது’ என்ற சொல்லைக் கூலிக்கு எழுதி வாங்குதல் கூடவே கூடாது. மார்க்கெட் யார்டில் காய்கனிக்கான அடத்தை விவசாயியிடம் பிடிக்கக் கூடாது, வாங்குவோரே தர வேண்டும் என்று 2016-இல் மகாராஷ்டிர அரசு விதித்தது. தரகருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்பது எவ்வளவு பெரிய வழக்கு என்பதை அது காட்டிற்று. நாம் பேசும் இத்தொழிலிலோ கூலியைத் தருபவர் விற்பவர். நம்மை நம்புகிறவர் வாங்குபவர். இந்த இக்கட்டில் தரகரின் நேர்மை ஒன்றே வாங்குபவருக்குக் காவல். பொருளைக் கண்ணால் பாராத ஒருவர், சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பெற்று எழுதிய பாராட்டை நம் பெயரில் வெளியிட்டால் அந்தக் காவல் போயிற்று. தன் கையே தனக்குதவி என்ற பழமொழி இவ்விடத்துக்கு முற்றும் பொருந்தும்.

‘ஆயிரக்கணக்கில் ஆட்களை வரவழைத்துத் தருகிறேன்’ என்று வரும் உதவியாளரிடம், எவ்வழியில் என்று கேட்டறிய வேண்டும். வாங்க நினைப்பவரே இன்றி இயந்திரத்தைக் கொண்டு இணைப்பைத் தொடச் செய்வோர் உண்டு. அமெரிக்காவில் ஷான் ஹோகன் என்பவர், தம் இணைப்பைத் தொடாதவர்களையும் தொட்டவர்களாகக் காட்டும் தந்திரத்தால் ஈபே நிறுவனத்திடம் பெருங்கமிஷன் பெற்றார். 2014-இல் அவருக்கு ஐந்து மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களும் சட்டத்துக்குத் தப்புவதில்லை. பயனாளரின் அனுமதியின்றி, சிறுவர் உட்படப் பலர் இருக்குமிடத்தைக் கண்காணித்ததாக எழுந்த வழக்கில், இன்மொபி 2016-இல் அமெரிக்க அரசுக்கு 9,50,000 டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. உதவியாளர் செய்த பிழையானாலும், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே கம்பெனி விளக்கம் கேட்கும்; கமிஷனை நிறுத்தி வைக்கும்.

இதன் பெயரால் நடக்கும் மோசடிகளையும் சொல்லியாக வேண்டும். வீடியோவுக்கு விருப்பம் தெரிவித்தால் பணம் என்று தொடங்கி, முதலில் சில நூறு ரூபாய் கொடுத்து ஆசை காட்டி, பிறகு ‘முன்பணம் கட்டினால் பன்மடங்கு’ என்று ஆயிரங்களையும் லட்சங்களையும் பறிப்பவர் உளர். புனேயிலும் படித்த குடும்பங்கள் இவ்வலையில் அகப்பட்டிருக்கின்றன. மெய்யான கமிஷன் வியாபாரத்தில் கம்பெனி நமக்குப் பணம் தரும்; நாம் கம்பெனிக்கு முன்பணம் கட்டுவதில்லை. ஆள் சேர்த்தால் பணம் என்பது கமிஷன் வியாபாரமே அன்று. நேரடி விற்பனையில் அத்தகைய பிரமிடுத் திட்டங்களை 2021-இல் வந்த அரசு விதிகள் தடுக்கின்றன. ஏமாந்தவர்கள் நாணத்தால் வாளாவிராது, உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தல் நலம். காலதாமதம் ஆக ஆகப் பணம் கைமாறிக் கொண்டே போகும்.

தொழிலை முறையாக நடத்த விழைவோர் அரசு விதிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். கமிஷன் பெறுகிறோம் என்பதைப் பரிந்துரையோடு சேர்த்தே, கண்ணில் படும்படி தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை அறிவுறுத்தியிருக்கிறது. பொய்யான பரிந்துரைக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க இடமுண்டு. கமிஷனில் பிடிக்கும் வருமான வரி 2024 அக்டோபர் முதல் 5 சதவிகிதத்திலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பிடித்தது போக மிச்சத்தையும் கணக்கில் காட்ட வேண்டியது நம் கடமை. சிறு தொழிலாகப் பதிவு செய்துகொள்ளும் உத்யம் பதிவுக்குக் கட்டணம் ஏதுமில்லை. பதிந்து தருகிறேன் என்று பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை.

இறுதியாக, நம் சங்கத்தைப் பற்றியும் ஒரு சொல். உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் அடங்கிய பட்டியலையும், சங்கத்து வாட்ஸ்அப் குழுவையும் தம் இணைப்புகளைப் பரப்பப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று அன்பர்கள் சிலர் வினவுகின்றனர். கூடாது என்பதே நம் கருத்து. பொங்கல் விழாவுக்கும், இரத்தம் தேவைப்படும் அவசரத்துக்கும், புதிதாக வந்தவருக்கு வீடு பார்த்துக் கொடுப்பதற்கும் என்று நம்பிக் கொடுத்த எண்கள் அவை. ஒரு காரியத்துக்காகப் பெற்ற விவரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்தக் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும் என்பதே 2023-இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கருத்து. சட்டம் ஒருபுறமிருக்க, அந்நிய ஊரில் நமக்கு உற்றார் உறவினரைப் போன்று இருப்பது இச்சங்கம். அதன் குழுவில் விளம்பரம் மிகுந்தால் உறுப்பினர் ஒவ்வொருவராக விலகுவர். பின்னர் நள்ளிரவில் இரத்தம் வேண்டுமென்று ஒருவர் கூவினால் கேட்பதற்கு எவரும் இரார்.

தொழில் செய்ய விழைவோர் தமக்கென்று தனிப் பக்கம் ஒன்றைத் தொடங்கட்டும். விரும்புவோர் தாமாகவே அதில் சேரட்டும். நல்ல கிரைண்டர் எது என்று நேர்மையாகச் சொல்லும் சகோதரியைத் தேடி மக்கள் தாமே வருவர். ஆறு மாத காலம், இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய சிறு தொகையோடு, ஒரே ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு, மாதந்தோறும் வரவு செலவை நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பாருங்கள். கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்தமர்ந்து அக்கணக்கைப் பார்த்து, மேலும் நடத்துவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்வார்களாக.