கரிசற் பருத்தியும் கடற்கலமும்

அமைதிப் பெருங்கடலில் பீசி என்றொரு தீவு நாடு உண்டு. மக்கள் ஏறத்தாழ ஒன்பது இலக்கம் பேர். நம் தூத்துக்குடி மாவட்ட மக்கள்தொகையில் பாதியளவே. 1970-இல் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்ற அந்நாடு, ஐந்தே ஆண்டுகளில், 1975-இல், தனக்கெனக் கடற்படைப் பிரிவொன்றை அமைத்துக்கொண்டது. பெரும் போர்க்கலங்கள் அதனிடம் இல்லை. சுற்றுக்காவற் கலங்கள் சிலவே உள. அவற்றுள்ளும் பல ஆத்திரேலியா ஈந்தவை. எனினும் ஏறத்தாழ 13 இலக்கம் சதுரக் கிலோமீட்டர் கடற்பரப்பை, களவாக மீன் பிடிக்கும் அயலாரிடமிருந்து அவை காக்கின்றன.

அத்தீவு தமிழர்க்குப் புதிதன்று. 1903 முதல் 1916 வரை, சென்னைத் துறையிலிருந்து தமிழ் ஏழைகள் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே கரும்புத் தோட்டங்களில் அவர்தம் பெண்டிர் பட்ட துயரை எட்டயபுரத்துப் பாரதியார் பாடினார். ஏறியவர் தமிழர், ஏற்றிச் சென்றது வெள்ளையர் கலம்.

அதே ஆண்டுகளில் எட்டயபுரத்தையும் கோவில்பட்டியையும் சூழ்ந்த கரிசற் காட்டில் விளைந்த பருத்தி, பொதி பொதியாய்த் தூத்துக்குடிக்குச் சென்றது. மழையை நோக்கியிருந்து விளைவித்தவன் தமிழ் உழவன். ஆனால் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கடல் வாணிகம் பிரித்தானிய இந்தியக் கப்பற் குழுமத்தின் கையில் இருந்தது. நாவாய், கலம், வங்கம், அம்பி, மீகாமன் என்று கடற்றொழிலுக்கு இத்தனை சொல் படைத்த இனம், தன் துறையிலேயே கட்டணம் கொடுத்து ஏறும் பயணியாய் நின்றது!

இந்நிலையை மாற்ற எழுந்தவர் அதே கரிசல் மண்ணின் ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரனார். 1906 அக்தோபர் 16-இல் சுதேசிக் கப்பற் குழுமம் பதிவாயிற்று. முதல் பத்து இலக்கம் உருபா, பங்கு 40,000, ஒரு பங்கு 25 உருபா. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரையார் அதன் தலைவர். முகம்மது பக்கீர் சேட்டு ஒருவரே 8,000 பங்கு கொண்டார். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கலங்கள் வந்து சேர்ந்தன. வெள்ளையர் குழுமம் கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்க் கட்டணமே வேண்டா என்றது. ஏறுவார்க்குக் குடையும் தர முன்வந்தது. குடைக்கு மயங்கியோரும் இருந்திருப்பர், அதை மறைப்பானேன்?

பீசியினுடையது காவற்படை, சிதம்பரனாருடையது வணிகக் கலம். எனினும் தன் கடலில் தன் கலம் என்னும் வேட்கை இரண்டிற்கும் பொது. பீசியார்க்குக் கலம் ஈய ஓர் அரசு இருந்தது. தமிழரோ தம் பணத்தில் கலம் வாங்கினர். ஆண்ட அரசு அதனைப் பகையாகக் கருதியது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் தளைப்படுத்தப்பட்டார். சூலை 7-இல் இரட்டை வாழ்நாட் சிறைத் தண்டம் விதிக்கப்பட்டது.

இன்று பள்ளிகளிற் சொல்லப்படுவது அவர் செக்கிழுத்த கதை. கேட்போர் கண் கலங்குகின்றனர், கலங்கட்டும். ஆயின் அதனினும் கொடியது ஒன்றுண்டு. அவர் சிறையிலிருக்கையில், 1911-இல், குழுமம் கலைக்கப்பட்டது. கலங்களுள் ஒன்று எதிரிக் குழுமத்துக்கே விற்கப்பட்டது. கலத்தைச் சிறைக்கோட்டம் விற்கவில்லை. வெள்ளை நடுவனும் விற்கவில்லை. பங்கு வைத்திருந்த நம்மவர் விற்றனர். செக்கு வெள்ளையன் இழைத்த கொடுமை. விற்பனை நாம் செய்தது. அதனாற்றான் போலும் பாடநூல்கள் முன்னதை விரித்துப் பின்னதைச் சுருக்குகின்றன.

1912 இறுதியில் விடுதலையான சிதம்பரனார், 1917-இல் திருக்குறள் அறத்துப்பால் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். பின்னர் வழக்கறிஞர் உரிமம் மீண்டும் கிடைக்கப்பெற்றுக் கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். தொல்காப்பிய இளம்பூரணத்தையும் அச்சேற்றினார். கலம் போனபின் ஏட்டைக் காத்த அப்பெருமகன் வறுமையிலேயே 1936-இல் மறைந்தார்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-இல் அவர் பெயர் இடப்பட்டது. நன்று. கோவில்பட்டி வட்டாரப் பள்ளிகளில் இனி அவர் பாடம் நடத்துவோர், செக்கோடு நில்லாது, 25 உருபாப் பங்கையும் 1911-ஆம் ஆண்டு விற்பனையையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவாராக.