ரம் கோப்பையில் ஒரு கடவுள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஃபோர்ட் லாடர்டேல் நகரில் ‘மாய்-காய்’ என்றொரு உணவகம் இருக்கிறது. 1956 டிசம்பரில் திறந்தது. வானை முட்டும் கூம்புக் கூரை, உள்ளே செயற்கை அருவி, மூலைக்கு மூலை மரத்தில் செதுக்கிய முரட்டு முகங்கள், இரவானால் தீப்பந்த நடனம். 2014-ல் அந்நாட்டின் தேசிய வரலாற்றிடங்கள் பதிவேட்டில் ஏறிய சாப்பாட்டுக் கடை அது. 2020 அக்டோபரில் பெருமழைக்குக் கூரை சேதமாகி மூடப்பட்டபோது, அதன் ரசிகர்கள் துக்கம் விசாரிக்காத குறைதான். நான்கு ஆண்டுகள் பழுதுபார்த்து, 2024 நவம்பரில் கதவைத் திறந்தார்கள்.

இந்த மோகத்துக்கு ‘டிகி’ என்று பெயர். பாலினீசியத் தீவுகளின் மரச்சிற்பங்களைக் குறிக்கும் சொல் அது. அமெரிக்காவிலோ ஓலைக்கூரை, பிரம்பு நாற்காலி, சாமி முகம் பதித்த பீங்கான் மக், அதற்குள் ரம் காக்டெயில் எல்லாம் சேர்ந்த அலங்காரத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஐம்பதுகளின் நாற்காலி, ஐம்பதுகளின் வீடு, ஐம்பதுகளின் கோட்டு சூட்டு எல்லாம் மறுபடி நாகரிகமானபோது டிகியும் உடன் எழுந்து வந்தது. ‘மேட் மென்’ தொடர் 2007-ல் தொடங்கி அந்தக் காலத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு முன்பே டிகி ரசிகர்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கிருந்து வந்தது இது? நிச்சயமாகத் தீவுகளிலிருந்து இல்லை. 1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியது. நல்ல விஸ்கிக்குத் தட்டுப்பாடு. கரீபிய ரம்மோ மலிவாகக் கொட்டிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து, எர்னஸ்ட் கான்ட் என்ற ஊர்சுற்றி ஹாலிவுட்டில் ஒரு சின்ன பார் போட்டார். மீன்வலை, சிப்பி, கடலில் ஒதுங்கிய கட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டினார். பிற்பாடு தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். அவருடைய ‘ஸாம்பி’ பானத்தை ஆளுக்கு இரண்டுக்கு மேல் தருவதில்லை என்பது கடையின் சட்டம், விளம்பரமும் அதுதான். கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் விக்டர் பெர்ஜெரன் என்பவர் அதைப் பார்த்து ‘டிரேடர் விக்’ஸ்’ தொடங்கி, 1944-ல் ‘மாய் டாய்’ கலந்தார். இன்று ஹவாய்க்குப் போகும் சுற்றுலாப் பயணி உள்ளூர்ச் சரக்கென்று நம்பிக் குடிப்பது, 1953-ல் ஓக்லாண்டுக்காரர் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததைத்தான்.

இந்தக் கடைகளில் பாலினீசியாவைத் தேடினால் கிடைக்காது. ரம் ஜமைக்காவிலும் கயானாவிலும் வடித்தது. ஐரோப்பியர் வரும்வரை பாலினீசியர்களுக்கு வடித்த சாராயமே தெரியாது. அவர்கள் குடித்தது காவா வேர்ச்சாறு. சாப்பாடு கான்டனீஸ் சமையலின் அமெரிக்க வடிவம். ‘கிராப் ரங்கூன்’ என்று நண்டையும் கிரீம் சீஸையும் மாவில் மடித்துப் பொரித்துத் தருவார்கள். ரங்கூனில் கடை வைத்திருந்த நம் செட்டியார்கள் எவரும் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். கலந்து கொடுத்த கைகள் பெரும்பாலும் ஃபிலிப்பினோக்களுடையவை. டான் பீச்சின் தொடக்க கால ஊழியர்களில் ஒருவரான ரே புஹென் 1961-ல் லாஸ் ஏஞ்சலஸில் திறந்த ‘டிகி-டி’ என்ற குட்டிக் கடையை இன்றும் அவர் குடும்பம்தான் நடத்துகிறது. ஆகக்கூடி, அந்தத் தீவுகளுக்கே உரியதாக அங்கே இருந்தது கடவுளின் முகம் மட்டும்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து பசிபிக்கிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அந்த அலங்காரம் பிடித்துப்போனது. அவர்களில் பலர் அங்கே கண்டது சேறும் மலேரியாவும். ஊருக்குத் திரும்பிய பின் வேண்டியிருந்ததோ நிலா வெளிச்சமும் தென்னையும். 1947-ல் தோர் ஹெயர்தால் ‘கோன்-டிகி’ தெப்பத்தில் பெருவிலிருந்து கிளம்பி 101 நாளில் பாலினீசியத் தீவொன்றில் மோதிக் கரையேறினார். 1949-ல் ‘சவுத் பசிபிக்’ இசை நாடகம் மேடையேறியது. 1959-ல் ஹவாய் ஐம்பதாவது மாநிலமானது. புறநகர் வீடுகளின் கொல்லையில் பந்தம் நட்டுப் பன்றி சுட்டார்கள். எழுபதுகளில் எல்லாம் சரிந்தது. தொலைக்காட்சியில் வியட்நாமின் ஓலைக்குடிசைகள் எரிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அப்பாவின் ஓலைக்குடிசை பார் அசிங்கமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. நியூயார்க் பிளாசா ஹோட்டலில் இருந்த டிரேடர் விக்’ஸை இழுத்து மூடியவர் அப்போதைய உரிமையாளர் டொனால்ட் டிரம்ப். ஒஹாயோ மாநிலத்தில் 1961 முதல் நின்ற ‘கஹிகி’ உணவகத்தை 2000-ல் இடித்து அந்த இடத்தில் மருந்துக்கடை கட்டினார்கள்.

இடித்த அதே ஆண்டுதான் ஸ்வென் கிர்ஸ்டனின் ‘தி புக் ஆஃப் டிகி’ வெளியானது. அடுத்த ஆண்டு ‘டிகி ஓயாசிஸ்’ கூட்டம் தொடங்கியது. 2009-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘ஸ்மக்ளர்ஸ் கோவ்’ பார் ரம்மை ஒயினுக்கு நிகரான மரியாதையோடு பரிமாற ஆரம்பித்தது. ஆனால் மறுமலர்ச்சியின் உண்மையான நாயகன் என்றால், பழைய கலவைகளைத் தேடிப் பிடித்த ஜெஃப் பெர்ரியைத்தான் சொல்வேன். டான் பீச் தன் கலவைகளை யாரும் திருடாமலிருக்கச் சங்கேதத்தில் எழுதி வைத்திருந்தார். ஊழியர்களுக்கே எந்தப் புட்டியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. எண் பார்த்து ஊற்றுவார்கள். அங்கு வேலை பார்த்த டிக் சான்டியாகோ என்பவரின் 1937-ம் ஆண்டுக் குறிப்பேடு, அவர் குடும்பத்தின் வழியாகப் பெர்ரியின் கைக்கு வந்தது. அதில் ஸாம்பிக்கான அளவுகள் இருந்தன. கூடவே ‘டான்ஸ் மிக்ஸ்’ என்று ஒன்று. அது என்ன? இன்னொரு சீட்டு, அது சாத்துக்குடி இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் சாறும் ‘ஸ்பைசஸ் நம்பர் 4’-ம் என்றது. அந்த நான்காம் நம்பர் என்ன? பழைய ஊழியர்களின் பிள்ளைகள், மூடிப்போன எசன்ஸ் கம்பெனிக்காரர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கடைசியில் கண்டறிந்தார்: லவங்கப்பட்டைப் பாகு. 2007-ல் அதைப் புத்தகத்தில் போட்டார். சர்க்கரைத் தண்ணீரில் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த ஒன்றுக்காகப் பல ஆண்டுத் துப்பறிவு! இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பெயரில்லாமல் மறைந்த ஃபிலிப்பினோக்களுக்கு அவர்களுடைய பெயரைத் திருப்பிக் கொடுத்ததும் இதே துப்பறிவுதான்.

என் வாதமும் இங்கேதான் தொடங்குகிறது. டிகி ரசிகர்களை ‘ஒன்றும் தெரியாத கேளிக்கைப் பிரியர்கள்’ என்று எளிதில் மன்னித்துவிட முடியாது. எந்த ஆண்டு எந்த ரம், எந்த மக்கை எந்த வார்ப்பில் எடுத்தார்கள், எந்த நாற்காலிக்கு எந்தத் திருகாணி என்றெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள். இத்தனை கூர்மை உள்ளவர்களின் கண்ணுக்குச் சில விஷயங்கள் மட்டும் படவே இல்லையென்றால், அது அறியாமை இல்லை; தெரிவு.

முதலில் அந்த முகத்தையே எடுத்துக்கொள்வோம். கடைகளில் அதிகம் விற்பது, வாயைக் கோணலாய் விரித்த ஹவாய்க் கடவுள் கூவின் சாயல். 1819-ல் இளம் அரசர் லிஹோலிஹோ பெண்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழைய விலக்குகளை உடைத்தார். கோயில்களை அழிக்க உத்தரவிட்டார். சிலைகள் எரிந்தன. மறு ஆண்டு பாஸ்டனிலிருந்து பாதிரிமார்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். கூவின் ஆளுயரத்தை மிஞ்சும் சிலைகளில் எஞ்சியவை மூன்றே மூன்று. ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், ஒன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலத்தில், ஒன்று ஹொனலுலுவின் பிஷப் மியூசியத்தில். 2010-ல்தான் மூன்றும் ஹொனலுலுவில் சில மாதங்கள் ஒன்றாக நின்றன. பிறகு வந்தவை வந்த வழியே திரும்பின. சொந்த ஊரில் ஒன்றே ஒன்று மிஞ்சிய சாமிக்கு அந்நிய ஊர் அலமாரிகளில் பிரதிகள் எத்தனையென்று யாரும் எண்ணியிருக்க முடியாது. 1893-ல் ஹவாய் அரசியின் ஆட்சியைக் கவிழ்த்ததையும், 1896-ல் பள்ளிக்கூடங்களில் அவர்கள் மொழி ஒதுக்கப்பட்டதையும், ஆட்சிக் கவிழ்ப்புக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 1993-ல்தான் மன்னிப்புக் கேட்டதையும் இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இசை. மார்ட்டின் டென்னியின் ‘எக்சாட்டிகா’ இசைத்தட்டு 1957-ல் வந்தது. வைப்ரஃபோனுக்கு நடுவே வாத்தியக்காரர்களே பறவைபோலக் கூவுவார்கள். இன்றும் ஒவ்வொரு டிகி பாரிலும் அதுதான் ஓடுகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே காலத்தில்தான், பசிபிக்கின் மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. அங்குள்ள பிகினித் தீவின் 167 பேரைக் கப்பலேற்றி வேறு தீவில் இறக்கினார்கள். அங்கே அவர்கள் பட்டினி கிடந்தார்கள். 1954 மார்ச் 1-ம் தேதி வெடித்த ‘பிராவோ’வின் சாம்பல், ரோங்கலாப் தீவின் மேல் வெள்ளைப் பொடியாய் இறங்கியது. இரண்டு நாள் கழித்துத்தான் அந்த மக்களை அப்புறப்படுத்தினார்கள். இனி ஆபத்தில்லை என்று சொல்லி அவர்களைத் திரும்பக் குடிவைத்தது 1957-ல், ‘எக்சாட்டிகா’ வந்த அதே ஆண்டு. நோய் தாங்காமல் 1985-ல் அவர்களே ஊரைக் காலி செய்தார்கள். பசிபிக் தீவு என்றால் ஆளில்லாத சொர்க்கம் என்ற படம் ஒருபக்கம் விற்றுக்கொண்டிருந்தபோது, இன்னொரு பக்கம் அந்தப் படத்துக்குப் பொருத்தமாக ஆட்களை அகற்றிக்கொண்டிருந்தார்கள்.

நமக்கும் இதில் ஒரு நூலிழை உண்டு. ஸாம்பியில் சேரும் நெருப்பு ரம் டெமராராவினுடையது, அதாவது இன்றைய கயானா. அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு 1838 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களில் சென்னையில் கப்பலேறியவர்களும் இருந்தார்கள். மாரியம்மன் இன்றும் அங்கே இருக்கிறாள். தென்கடல் தீவென்றால் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹவாய் இல்லை, ஃபிஜியின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றி பாரதி எழுதியது. ஒரே கடல், நமக்கு அது சொர்க்கமாக அறிமுகமாகவில்லை.

டிகி சரிந்த எழுபதுகளில் பசிபிக் மக்கள் தங்களுடைய மறுமலர்ச்சி ஒன்றை நடத்தினார்கள். 1976-ல் ‘ஹோகுலேயா’ என்ற இரட்டைத் தோணி மௌவியிலிருந்து டஹிடிக்குத் திசைகாட்டி இல்லாமல் போய்ச் சேர்ந்தது. வழி சொன்னவர் மைக்ரோனேசியாவின் மௌ பியாலுக், விண்மீனையும் அலையின் போக்கையும் வைத்து. பாலினீசியர்கள் நீரோட்டம் இழுத்த வழியே தென் அமெரிக்காவிலிருந்து மிதந்து வந்தவர்கள் என்ற ஹெயர்தாலின் கொள்கைக்கு அது நேரடிப் பதில். தென் அமெரிக்கரோடு பழைய கலப்பு இருந்ததை மரபணு ஆய்வு பின்னால் காட்டியது உண்மை. ஆனால் தீவுகளைத் தேடிக் குடியேற்றியவர்கள் தேர்ந்த மாலுமிகள் என்பதில் இன்று ஐயமில்லை. சில டிகி பார்கள் சூட்டிக்கொண்டதென்னவோ, கொள்கையில் தோற்றுப்போன அந்தத் தெப்பத்தின் பெயரைத்தான்.

டிகியை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. ரெட்ரோ மோகம் முழுவதற்கும் இதே பார்வைக்கோளாறுதான். அதன் தலைநகரம் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ். கண்ணாடிச் சுவர் வைத்த வீடுகளைப் பார்க்க 2006 முதல் ஆண்டுதோறும் ‘மாடர்னிசம் வீக்’ நடக்கிறது. டான் பீச்சின் கடை 1953-ல் இருந்த இடத்தில் இன்றும் ஒரு டிகி பார் உண்டு; டிகி ஓயாசிஸ் முதலில் கூடியதும் இந்த ஊரில்தான். ஊரின் நடுவே ‘செக்‌ஷன் 14’ என்ற ஒரு சதுர மைல், கவீயா பழங்குடியினரின் நிலம். வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பினத்தவரும் மெக்சிகோ வம்சாவளியினரும் அங்கே வாடகைக்குக் குடியிருந்தார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும், நிலத்தின் மதிப்பு ஏறியதும், நகராட்சி அவர்களைக் கிளப்பி வீடுகளை இடித்தது, எரித்தது. 1968-ல் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் கடுமையான அறிக்கை தந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை. 2024-ல்தான் நகராட்சி அவர்களுக்கும் வாரிசுகளுக்கும் 59 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

டிகி மீது இத்தகைய விமர்சனம் எழுந்தபோது சில பார்கள் ‘டிகி’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘டிராபிகல்’ என்று போட்டுக்கொண்டன. பலகை மாற்றும் செலவு மட்டும்தான். அன்னாசியும் ஓலையும் அப்படியே இருக்கின்றன. தீவுக்காரர்கள்தான் முன்னைவிடக் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். ஹவாயிலோ டோங்காவிலோ செதுக்கும் கைகளிடம் நேரடியாக வாங்கி, அவர்கள் கேட்ட விலையைக் கொடுத்து, எந்த உருவத்தை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று அவர்களிடமே கேட்பது கொஞ்சம் செலவு பிடிக்கும் வேலை. அதைச் செய்யும் கடையோடு எனக்குச் சண்டையில்லை.

குடிக்கப் போகிற இடத்தில் சரித்திர வகுப்பா என்று கேட்பவர்கள் உண்டு. வகுப்பு ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த பார்களின் மெனுவைப் புரட்டினால் பானத்துக்குப் பானம் ஆண்டு, ஊர், கலந்தவர் பெயர் எல்லாம் இருக்கும்: ஸாம்பி, 1934, ஹாலிவுட்; மாய் டாய், 1944, ஓக்லாண்ட். வாடிக்கையாளர்கள் அதை ஆசையாகப் படிக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பக்கம் ஓடும் அந்த அட்டையில் ரோங்கலாப், 1954 என்று இன்னும் ஒரு வரி அச்சிட இடமிருக்கிறது.